முப்பத்தெட்டு வயசு லெஃப்ட் அவுட்

கெழவனுங்கன்னு சொல்லாத கண்ணு. வேணாம். நீ கோச்சு, படிச்சவன், கழுத்துல விசில் மாட்டிக்கினு இருக்கறவன், எல்லாம் சரி. அதுக்காக என் வூட்ல, என் சேர்லயே குந்திக்கினு, என் டீம கெழவனுங்கன்னு சொன்னா நான் கேட்டுக்கினு இருப்பனா? முப்பத்தெட்டு ஒரு வயசா? நான் இன்னிக்கும் லாரி மேல ஏறி நின்னு சேர் எண்ணி எறக்கறேன். அப்போ என்ன இன்னான்னு சொல்லுவே?

ஏழு கோல் வாங்கினாங்க. இல்லன்னு சொன்னனா? வாங்கினாங்கதான். மழ பேஞ்சு கிரவுண்டு களி மாதிரி கெடந்துச்சு. அதுல மனுசனால ஓட ஆவுமா? ரெட் ரோஸ் பசங்க ஓடினாங்களேன்னு கேப்பே. அதுங்க பசங்களா, கொரங்குங்க. அந்த ஏழுல ரெண்டு போட்டது யாரு தெரியுமா? உன்னாண்டயே கேக்கறேன் பாரு. நீதான அவனுக்குக் கத்துக் குடுத்ததே. என் பேரன். என் பொண்ணு அமுலு வயித்துல பொறந்தவன், தர்ணீஷு. ஆயா டீமுக்கே கோல் போட்டுட்டு, சட்டைய கழட்டி சுத்திக்கினு, என் மூஞ்சிக்கு நேரா ஓடறான். நான் இன்னா பண்ணேன் தெரியுமா? கை தட்டிட்டேன். கை தானா தட்டிடுச்சுப்பா. பக்கத்துல இருந்தவ சிரிக்கிறா, "ஆயா, நீ எந்த டீமு?"ன்னு.

டீ ஆறுது, குடி.

யங்ஸ்டர்ஸ் கிளப்பு எங்க வூட்டுக்காரரு ஆரம்பிச்சது. அவரு பேர நான் சொல்ல மாட்டேன், வெளிய கேட்டுக்கோ. பந்தல் போடறது, சேர் டேபிள் வாடகைக்கு வுடறது, இதான் தொழிலு. ஆனா எங்கனா பந்து உருண்டா போதும், ஆளுக்கு சோறு தண்ணி மறந்துடும். ஒரு வாட்டி முகூர்த்த நாளு. கல்யாணத்துக்கு சேர் எடுத்துக்கினு போன மனுசன் வழில மேட்ச் பாக்க நின்னுட்டாரு. மாப்ள வூட்டு சனம் மொத்தமும் நின்னுக்கினே தாலி கட்றத பாத்துச்சு. பொண்ணோட அப்பாரு அடிக்க வந்துட்டாரு. அப்புறம் இன்னா, அந்தப் பொண்ணுக்குப் பொறந்தவன்தான் இப்ப ரெட் ரோஸ்ல ஸ்டாப்பர் ஆடறான், கோலுக்கு மின்ன நின்னு தடுக்கறானே, அந்தக் கட்டையா ஒருத்தன். அது கெடக்கட்டும்.

அவரு காலத்துல டீமு பூரா நம்ம தெரு பசங்க. மீச மொளைக்காததுங்க. பேருக்கு ஏத்த டீமு. இப்ப நான் வச்சிக்கினு இருக்கறதப் பாத்து ஊரே கிண்டல் பண்ணுது. யங்ஸ்டர்ஸ்ல ஆடணும்னா பென்சன் வாங்கியிருக்கணுமாமே ஆயான்னு ஒருத்தன். ஆயா சேர வாடகைக்கு வுடும், ஆள வாடகைக்கு எடுக்கும்னு இன்னொருத்தன். சிரிக்கட்டும். சிரிச்சா பல்லு தேயுமா?

நீ ஒண்ணு யோசி. பெரிய கிளப்புல கழட்டி வுட்டுட்ட ஆளு எங்க போவான்? சின்ன வயசுல தூக்கினு போறாங்க. முட்டி போச்சு, மூச்சு பத்தல, ஒயரம் பத்தல, எதுனா ஒண்ணு சொல்லி வெளிய அனுப்பிடறாங்க. அவனுக்கு ஊருக்குத் திரும்ப வெக்கம். ரயில் ஏத்த தெருவே மேளம் அடிச்சுக்கினு வந்துச்சு இல்ல? அதே தெருவுல எந்த மூஞ்ச வச்சிக்கினு எறங்குவான்? அப்படிப்பட்டவன் எங்கயோ ஒரு ஊர்ல, எவனோ ஒருத்தன் கடையில வேல பாத்துக்கினு, சாயங்காலம் ஆனா கிரவுண்டு ஓரமா வந்து நிப்பான். பந்து வெளிய வந்தா ஒரு ஒத ஒதச்சு உள்ள அனுப்புவான். அவ்ளோதான் அவனுக்கு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு நான் சொல்லி அனுப்பறேன். வியாசர்பாடில ஒரு கிளப்பு கீது, ஒரு ஆயா கீது, சோறு போடும், படுக்க எடம் குடுக்கும், ஏண்டா இத்தினி நாளு வரலன்னு கேக்காது, வான்னு. இதுல இன்னா தப்பு கண்டுட்டே?

கண்டிசன் ரெண்டே ரெண்டுதான். எடது கால் ஆளா இருக்கணும். முப்பத்தெட்டு வயசு இருக்கணும்.

சிரிக்காத. பதினோரு பேரும் எடது காலுன்னா வலது பக்கம் யாரு ஆடறதுன்னுதான? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பந்து கெடச்சா எல்லாருமே எடது பக்கமா ஓடறானுங்க, ஒருத்தன் மேல ஒருத்தன் இடிச்சுக்கறானுங்க, ஒத்துக்கறேன். நம்ம டென்னிஸ் கீறான் இல்ல, கோல்கீப்பரு, அவன் கூட எடது கால்தான். வலது பக்கம் காலி மைதானம் மாதிரி கெடக்கும். அதுக்குன்னு? கால மாத்தி வைக்கச் சொல்றியா?

ஆமா, போன வருசம் முப்பத்தேழு கேட்டேன். அதுக்கு மின்ன முப்பத்தாறு. இத்த ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்றே. வருசம் ஒண்ணு போனா வயசு ஒண்ணு ஏறாதா? உனக்கு ஏறலியா?

வயசுன்னதும் ஞாபகம் வருது. மத்த எடத்துல எல்லாம் பசங்க வயச கொறச்சு சொல்லுவானுங்க. மீச வழிச்சுட்டு வந்து பதினாறுன்னு நிப்பான். என்னாண்ட வர்றவன் ஏத்திச் சொல்றான்! போன வருசம் பொன்னேரியில இருந்து ஒருத்தன் வந்தான், கோதண்டம்னு. முப்பத்தேழுன்னான். நரைக்கு வெள்ள பெயின்ட்டு அடிச்சிக்கினு வந்துக்கீறான்யா, வேர்வையில கரைஞ்சு காதோரம் வழியுது. அப்புறம் அவங்கம்மா வந்து நிக்கிது. "ஆயா, எம்புள்ளைக்கு முப்பத்திரெண்டுதான், பொண்ணு பாத்துக்கினு இருக்கறோம், நீ முப்பத்தேழுன்னு பரப்பி வுட்டுட்டியே"ன்னு அழுவுது. நான் அவன அன்னிக்கே அனுப்பிட்டேன். நல்லா ஆடுவான். இருக்கறதுலயே அவன்தான் நல்லா ஆடினான். ஆனா எனக்கு எதுக்கு முப்பத்திரெண்டு?

இபோச்சான்னு ஒருத்தன் கீறான், மணிப்பூர்காரன். என் வாய்ல நொழையல, பாச்சான்னு கூப்புடுவேன். கருவாடு போட்டா தட்டு கழுவ வேணாம், அப்படி வழிச்சுத் துன்னுவான். அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு அவன் பாஷ வராது. எங்க கேப்டனுக்கு இந்தி வரும், அவன வச்சிக்கினு கேப்பேன். முட்டி எப்பலேர்ந்து வலிக்குது, மொத நர எந்த வயசுல வந்துச்சு, ராத்திரி அம்மாவ நெனப்பியா. அவன் சிரிப்பான். எல்லாரையும் கேப்பேன். மத்தியானம் துன்னுட்டு சேர் குடோன்ல படுத்துக்கினு இருப்பானுங்க, அடுக்கின சேருக்கு நடுவுல. நான் போயி நின்னு பாப்பேன். எப்படி பெரள்றான், கை எங்க வச்சிக்கிறான், தொப்ப எப்படி ஏறி எறங்குது. முப்பத்தெட்டு வயசு ஆம்பள எப்படித் தூங்குவான்னு எனக்கு எப்படித் தெரியும் சொல்லு? அந்த வயசுல எங்க வூட்டுக்காரரு எங்க தூங்கினாரு, கிரவுண்டுலதான கெடந்தாரு. பதினேழு வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

பதினேழுன்னா... என் பையன்.

தேசிங்கு. அமுலுக்கு அண்ணன். உனக்கு யாருனா சொல்லியிருப்பாங்க. அமுலு சொன்னாளா? அவளுக்கு வாய் அடங்காது.

லெஃப்ட் அவுட் ஆடுவான். கோட்டுக்கு உள்ள ஓடறானா, வெளிய ஓடறானான்னே தெரியாது, அப்படி எடது ஓரமா போவான். லைன்மேனு கொடி தூக்கறதா வேணாமான்னு கையப் பாதியில வச்சிக்கினு நிப்பான். செலக்சன்னு சொல்லி வடக்க இருந்து ஆளுங்க வந்தாங்க, வேன் போட்டுக்கினு. வெள்ள வேனு. நம்ம பசங்கள வரிசையா நிக்க வச்சு, திரும்புன்னா திரும்பணும், குனின்னா குனியணும். சந்தையில மாட்டப் பாக்கறாப்ல தொடைய அமுக்கிப் பாத்தாங்க. எல்லாத்தையும் பாத்துட்டு தேசிங்கு ஒருத்தன் முதுகுல மட்டும் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டாங்க. அந்தக் கோட்ட எங்க வூட்டுக்காரரு தொவைக்க வுடல தெரியுமா? சட்டைய அப்படியே ஆணில மாட்டி வச்சிருந்தாரு. தெருவுக்கே மிச்சரும் ஸ்வீட்டும் குடுத்தாரு. மேளம். மால. சென்ட்ரல்ல நான் புளிசாதம் கட்டிக் குடுத்தேன், சின்னப் பையன் மாதிரி நடத்தாதம்மான்னு சொல்லிட்டு வாங்கிக்கினான்.

பூத்துலேர்ந்து போன் பண்ணிக்கினு இருந்தான். சப்பாத்தி புடிக்கலன்னான். குளுருதுன்னான். அப்புறம் பண்ணல. எங்க வூட்டுக்காரரு ரயில் ஏறிப் போனாரு. அங்க கேட்டா, அவன எப்பவோ கழட்டி வுட்டாச்சே, மூச்சு பத்தல, ஊருக்குப் போறேன்னு பைய தூக்கிக்கினு போனானேன்னு சொல்றாங்க. ரொம்ப மரியாதையா சொன்னாங்களாம், டீ கூட குடுத்தாங்களாம். ஊருக்குப் போறேன்னு கெளம்பினவன் ஊருக்கு வரல. அவ்ளோதான் விசயம். எங்கயோ வெக்கப்பட்டுக்கினு நிக்கறான். மேளம் அடிச்சிருக்கக் கூடாது. நான் அப்பவே சொன்னேன், மேளம் வேணாம்னு. யாரு கேட்டா?

எங்க வூட்டுக்காரரு அந்த சட்டையப் பாத்துக்கினே செத்தாரு. எங்கிட்ட சாவறதுக்கு மின்ன இன்னா சொன்னாரு தெரியுமா, கிளப்ப வுட்டுடாதன்னாரு. நான் வுடல. ஆனா அன்னியிலிருந்து சின்னப் பசங்கள மட்டும் எடுக்க மாட்டேன்னு வச்சிக்கினேன். எடுக்கறது, ஆட வக்கிறது, நல்லா ஆடினா எவனோ வந்து கோடு போட்டுக்கினு போறது. எனக்கு எதுக்கு அந்தப் பாவம்? பெரிய ஆளுங்கன்னா எவனும் தூக்கிக்கினு போவ மாட்டான். இதான் என் கணக்கு. அமுலு சொல்றா, "அம்மா, நீ டீமு சேக்கல, வேற ஏதோ பண்றே"ன்னு. அவளுக்கு ஃபுட்பால் பத்தி இன்னா தெரியும்?

தர்ணீஷு பூட்ஸ நான்தான் பூட்டி வச்சேன். ஆமா. அந்தப் பெரிய அண்டா அடுக்கற ரூம்ல. வெறுங்கால்ல போயி ரெட் ரோஸுக்கு ஆடிட்டு வந்தான், கட்ட வெரல் பேந்துக்கினு. மஞ்சா வச்சு கட்டி வுட்டேன். பேசவே இல்ல என்னாண்ட. கட்டிக்கினு எழுந்து போயிட்டான். போறப்ப அந்த முதுகு கீது பாரு...

இன்னா சொன்னே?

எந்த வேனு?

இன்னா கலரு?

இரு இரு. மெதுவா சொல்லு. ஞாயித்துக்கெழம மேட்ச் முடிஞ்சதும் வருதா? தர்ணீஷ எடுத்துட்டாங்களா? எந்த ஊரு? அது எங்க கீது, ரயில்ல எத்தினி நாளு? இத்த ஏன் மொதல்லயே சொல்லல? வந்ததுலேர்ந்து கெழவனுங்க கெழவனுங்கன்னுதான சொல்லிக்கினு இருக்கறே!

அமுலுக்குத் தெரியுமா? தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. என்னாண்ட சொல்ல பயம். அப்படி இன்னா நான் பேயா?

அவன் இன்னா சொன்னான்? அவன் வாயால இன்னா சொன்னான், அப்படியே சொல்லு. "ஆயா டீம்ல எடுத்தா இங்கயே இருக்கறேன், இல்லன்னா வேன்ல ஏறிடுவேன்." அப்படியா சொன்னான்? உன்ன தூது அனுப்பிக்கீறான். நேரா வந்து கேட்டா இன்னா, நாக்கு தேஞ்சிடுமா? எங்க வூட்டுக்காரரு மாதிரியே. அவரும் அப்படித்தான், கொழம்புல உப்பு இல்லன்னா கூட அமுலு கிட்ட சொல்லி அனுப்புவாரு, நான் பக்கத்துலயே நிப்பேன்.

முடியாது கண்ணு. இல்ல, அவன வுட முடியாது. ஆனா எடுக்கவும் முடியாது. எங்க எடுக்கறது? எவன வெளிய அனுப்பறது? பாச்சாவயா? டென்னிஸயா? என்ன நம்பி வந்தவனுங்க. ஏற்கனவே ஒரு வாட்டி கழட்டி வுட்டவனுங்கள நானும் கழட்டி வுடணுமா? அதுவுமில்லாம, ஆளு வந்துக்கினே இருக்கணும். நான் எடுக்கறத நிறுத்திட்டேன்னு வெளிய தெரிஞ்சா, கெளம்பலாம்னு நெனக்கறவன் கூட கெளம்ப மாட்டான்.

நீ வந்தப்ப ஒண்ணு சொன்னியே, அத்த திருப்பிச் சொல்லு. நம்ம டீமு கீழ டிவிசனுக்கு எறங்கிட்டா இன்னா ஆவும்னு சொன்னே?

பேப்பர்ல வராதா?

இந்த டிவிசன் வரைக்கும்தான் போடுவாங்களா? அதுக்குக் கீழ ஒரு வரி கூட வராதா? அந்தப் பொடி எழுத்துல, கடைசி பக்கத்துல, ரெட் ரோஸ் ஏழு யங்ஸ்டர்ஸ் சைபர்னு வருதே, அது? போன்ல கூட வராதா? பாச்சா போன்ல தேடிக் காட்டுவானே, அதுலயும் வராதா?

சைபர்னாலும் பரவால்ல கண்ணு. எனக்கு சைபர் ஒரு பிரச்சன இல்ல. பேரு வரணும். யங்ஸ்டர்ஸ், வியாசர்பாடின்னு. டீக்கடையில பஜ்ஜி மடிச்சுக் குடுக்கற பேப்பர்ல வந்தா கூட போதும். ஒருத்தன் எண்ணெய தொடச்சுட்டு படிப்பான் இல்ல? இன்னும் ஆடறாங்களான்னு நெனப்பான் இல்ல?

ஞாயித்துக்கெழம தோத்தா எறங்கிடுவோமா? கண்டிப்பாவா? வேற யாருனா தோத்தா நாம தப்பிப்போம்னு கோதண்டம் சொன்னானே... ஆமா, அனுப்பிட்டேன்தான். இப்பவும் சேர் தொடைக்க வர்றான். நல்ல பையன். பொண்ணு இன்னும் அமையல.

சரி.

சரின்னு சொன்னேன் இல்ல? காதுல வுழலியா?

உன்னாண்ட கத்துக்கற பசங்கள கூட்டிக்கினு வா. தர்ணீஷும் வரட்டும். நீயே நிக்க வை, நீயே பாரு. ஆனா வரிசையா நிக்க வைக்காத. முதுகுல எதுவும் எழுதாத. அந்தப் பசங்க தொடைய எவனும் அமுக்கிப் பாக்கக் கூடாது. ஆடச் சொல்லிப் பாரு, புடிச்சா எடு. பாச்சாவும் டென்னிஸும் பெஞ்சுல குந்தட்டும், அவனுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன், கருவாடு வறுத்துட்டு சொன்னா கோவிக்க மாட்டானுங்க. வேன்காரன் வந்தா ஆயா குடுக்க மாட்டேன்னு சொல்லிச்சுன்னு சொல்லு. இல்ல, என்னாண்ட அனுப்பு. நானே சொல்றேன்.

பத்து பேரு. பத்து பேர நீ எடுத்துக்கோ. லெஃப்ட் அவுட்ட மட்டும் கேக்காத. அந்த ஒரு எடம் என்னுது. தர்ணீஷ வலது பக்கம் போடு. ரெண்டு காலும் ஆடுவான், நான்தான் பாத்தேனே. வலது பக்கம் காலியாதான கெடக்குது, ஓடட்டும் எவ்ளோ வேணா.

அந்த எடத்துக்கு எப்படி ஆளு எடுக்கறேன்னு கேக்கறே. ஆடச் சொல்லிப் பாக்கறது இல்லயாமேன்னு. எதுக்குப் பாக்கணும்? நான் கால பாப்பேன். தூரத்துலேர்ந்து வர்றவன், ரயில்ல பஸ்ல வந்து, தூசியும் மண்ணுமா இருப்பான். உள்ள வந்ததும் பேசின்ல வெந்நி வச்சு, கால வையிப்பான்னு சொல்லுவேன். கூச்சப்படுவானுங்க. பாச்சா அழுதுட்டான். எடது கால மொதல்ல வைன்னு சொல்லுவேன். அழுக்கு போனாதான தெரியும், கால் எப்படிப்பட்ட காலுன்னு.

தழும்பா? தழும்பு கிழும்பு எதுவும் நான் தேடல. யாரு சொன்னது, அமுலுதான? ஏன்டி, வர்றவன் போறவனாண்ட எல்லாம் இதே பேச்சா உனக்கு? அவன் நாலு வயசுல கஞ்சி வடிக்கிற குண்டான ஒதச்சான் கண்ணு. பந்துன்னு நெனச்சிக்கினான் போல. கொதிக்கக் கொதிக்க எடது பாதத்து மேல கொட்டிடுச்சு. கட்ட வெரல்லேர்ந்து கணுக்கால் வரைக்கும். அந்தக் கால்லதான் அப்புறம் அவ்ளோ ஆடினான். அத்த போயி நான் ஏன் தேடறேன்? தேடாமலேதான் எனக்குத் தெரியுமே. கண்ண மூடிக்கினு தடவினா தெரியும்.

இன்னாடி அமுலு? யாரு?

எவ்ளோ நேரமா நிக்கறாரு? வாசல்லயா? இவ்ளோ நேரம் ஏன் சொல்லல? நான் பேசினா இன்னா, குறுக்க வந்து சொல்ல வாய் இல்லியா உனக்கு? எந்த ஊர்லேர்ந்து? கோவாவா. பேரு இன்னான்னாரு? பாஸ்கரா. சரி, பேருல இன்னா கீது, ஊரு மாறினா பேரு மாத்திக்கிறது இல்லியா சனங்க. மொகம் எப்படிக் கீது? தாடியா. தாடி வச்சா எல்லாரும் ஒண்ணாதான் இருப்பாங்க. வயசு கேட்டியா? கேக்காத, வேணாம், கேக்காத.

நீ இரு கண்ணு, எழுந்துக்காத. கொஞ்சம் அப்படி நவுந்து குந்து, அந்த சேர இப்படிப் போடு. இல்ல, கைப்புடி வச்ச சேரு.

அமுலு! அவர வெளியவே நிக்க வைக்காதடி, உள்ள வரச் சொல்லு. அந்தப் பெரிய பேசின எடுத்துக்கினு வா. வெந்நி கொண்டா. ரொம்ப சூடா வேணாம், பாத்துக் கொண்டா.